காஃபின் இல்லாத மூலிகைக் காபித்தூள்: ராத்திரிக்கு வாங்கலாம், காலைக்கு வேண்டாம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சூடாக, கொஞ்சம் கசப்பாக, காபி மாதிரி ஏதாவது குடிக்கத் தோன்றும், ஆனால் குடித்தால் ராத்திரி ஒரு மணி வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தத் தூள் நல்ல சாமான். காலையில் எழுந்ததும் தெளிச்சி வரும் என்று நம்பி வாங்கினால் காசு தண்டம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் 'காபிக்கு நிகரான சுறுசுறுப்பு' என்று போட்டிருக்கிறார்கள். என் சண்டை முழுக்க அந்த ஒரு வரியோடுதான்.

வாங்கியது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில். தயாரிப்பது அம்பாசமுத்திரம் பக்கம் உள்ள ஒரு மகளிர் குழு. குறையும் சொல்லப்போகிறேன், சின்ன ஆட்கள், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். 200 கிராம் 190 ரூபாய். பின்பக்கம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, பேரீச்சங்கொட்டை, சிக்கரி, சுக்கு, மல்லி, ஏலம், அமுக்கரா (அஸ்வகந்தா) என்று சேர்மானமும் இருக்கிறது. எது எத்தனை சதவீதம் என்பது மட்டும் இல்லை. சாதாரணக் காபித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டே ஆகவேண்டும், 49 சதவீதத்துக்கு மேல் போகவும் கூடாது. காபியே இல்லாத தூளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாதுதான், ஆனாலும் 190 ரூபாய் கொடுக்கிறவனுக்கு இதில் பாதி சிக்கரியா, முக்கால்வாசி சிக்கரியா என்று தெரிந்தால் நல்லது.

எனக்கு இதில் சிரிப்பு வந்த இடம் பேரீச்சங்கொட்டைதான். காபித்தூளில் கலப்படம் என்றால் சின்ன வயதிலிருந்து நாம் கேள்விப்பட்ட இரண்டு பெயர்கள் புளியங்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும். வறுத்து அரைத்தால் நிறமும் கசப்பும் வந்துவிடும், விலை ஒன்றுமில்லை, அதனால் கலப்பார்கள். இப்போது அதே கொட்டை முன்பக்கத்திலேயே பெருமையாக உட்கார்ந்திருக்கிறது. தப்பென்று சொல்லவில்லை, பெயரைச் சொல்லி விற்றால் அது கலப்படம் ஆகாது. அரபு நாடுகளில் பேரீச்சங்கொட்டையை வறுத்து அரைத்துக் காபியாகக் குடிப்பது பழைய பழக்கம், அங்கே போய் வந்த நம்மூர்க்காரர்கள் சிலர் குடித்தும் இருப்பார்கள். கொட்டை சும்மா கிடைக்கிற சாமான் என்றாலும் வேலை லேசுப்பட்டதில்லை. ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி, காயவைத்து, உள்ளே வரை சமமாக வறுத்து, பிறகு அரைக்க வேண்டும். வீட்டு மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும், அவ்வளவு கெட்டி. ஆக 190 ரூபாயில் பெரும்பங்கு கூலி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். காபித்தூளாக இருந்தால் மிதக்கும், சிக்கரி என்றால் பழுப்பு நிறத்தில் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும், கலப்படம் பார்க்க எல்லோரும் செய்கிற சோதனைதான். இது போட்ட உடனே முழுக்க இறங்கிவிட்டது, மேலே ஒரு துகள்கூட நிற்கவில்லை. காபி கலக்காமல் 'காபி இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள், அந்த மட்டில் நாணயம்.

சரி, குடிக்க எப்படி? ஃபில்டரில் போடாதீர்கள். தூள் மாவாக இருக்கிறது, துளைகளை அடைத்துக்கொண்டு வெந்நீர் மேல் பாத்திரத்திலேயே நிற்கும், தட்டினாலும் அசையாது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது குவித்து ஒரு ஸ்பூன் போட்டு, மூன்று நிமிடம் தளதளவென்று விட்டு, இறக்கி மூடி வைத்து, அடியில் படிந்ததும் துணியில் வடிகட்ட வேண்டும். டீ வடிகட்டி போதாது, கடைசி வாயில் சேறு மாதிரி வரும். நிறம் அசல் டிகாஷன் நிறம், யாரும் நம்புவார்கள். மணம்தான் வேறு. காபியின் அந்த ஆளை இழுக்கும் வாசனை இதில் இல்லை, முதலில் சுக்கு வருகிறது, பின்னால் கொஞ்சம் தீய்ந்த இனிப்பு, அது கொட்டையும் சிக்கரியும் சேர்ந்து தருவது. நாக்கில் கசப்பு சீக்கிரமே வந்து சீக்கிரமே போய்விடும், காபியில் அடித்தொண்டையில் நிற்குமே, அது கிடையாது. பால் ஊற்றினால் அதுவும் அமுங்கிவிடுகிறது. வெறும் வரக்காபியாகக் குடிக்கையில்தான் எனக்குப் பிடித்தது.

இனிப்புக்குக் கருப்பட்டி போடுங்கள், சீனி சேரவில்லை. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, நமக்குக் கைக்கெட்டும் தூரம், சீனி கலந்த போலியும் அதே பெயரில் திரிவதால் தெரிந்த கடையில் வாங்குவது உத்தமம். பால் சேர்க்கிற ஆளாக இருந்தால் கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் நேராகப் போடவேண்டாம், திரிந்துவிடும். தனியாகப் பாகு காய்ச்சி வடிகட்டி (மண் கட்டாயம் இருக்கும்), அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும். இந்த விவரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கலாம், இடம்தான் முன்பக்கச் சுறுசுறுப்புக்குப் போய்விட்டது.

இனி அந்தச் சுறுசுறுப்பு விஷயம். நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்ட ஒட்ட அசதியும் தூக்கமும் வரும். காஃபின் உருவத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்திருப்பதால், பஸ்ஸில் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது மாதிரி அந்த ஏற்பிகளை முந்திப் பிடித்துக்கொள்கிறது. அடினோசினுக்கு இடமில்லை, நமக்கு அசதி தெரியவில்லை. காபி நமக்குப் புதிதாகச் சக்தி எதையும் கொடுப்பதில்லை, அசதியை மறைக்கிறது, அவ்வளவுதான். பேரீச்சங்கொட்டைக்கோ சிக்கரிக்கோ மல்லிக்கோ இந்த வேலை தெரியாது. சுக்கு தொண்டையில் காரம் ஏற்றும், உடம்பு சூடாகும், அதை உற்சாகம் என்று நினைத்துக்கொள்ளலாம், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

அமுக்கராவை இதில் ஏன் போட்டார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. நம் வீடுகளில் அமுக்கராப் பொடியை ராத்திரி பாலில் போட்டுக் கொடுப்பதே நல்ல தூக்கம் வரட்டும் என்றுதான். தூக்கத்துக்குக் கொடுக்கிற சாமானைப் போட்டுவிட்டு முழிப்புக்கு என்று எழுதி விற்கிறார்கள். அப்புறம் கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவைக் கேட்காமல் கொள்ளாமல் தினமும் எடுப்பது நல்லதில்லை. டென்மார்க்கில் 2023ல் தடையே போட்டார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று வாதம் பண்ணலாம், ஆனால் பாக்கெட்டில் ஒரு எச்சரிக்கை வரி கட்டாயம் வேண்டும். இதில் இல்லை.

'இயற்கை' என்ற சொல்லையும் சும்மா போட்டு உருட்டுகிறார்கள். காஃபினும் இயற்கைதான், பூச்சி அண்டாமலிருக்க செடி தானே உண்டாக்கிக்கொள்கிற பொருள். காபிச் செடியில் இருப்பதும் தேயிலையில் இருப்பதும் ஒரே காஃபின், அளவுதான் வேறு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று போட்டு, நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி டீ வேண்டாம் என்றும் இருக்கிறது, இரும்புச்சத்து உடம்பில் சேராமல் போகுமாம். காலையில் இரண்டு டிகாஷன் காபி, கடையில் இரண்டு டீ என்று ஓடுகிற ஆள் கணக்குப் போட்டுப் பார்த்தால் 300 சர்வசாதாரணமாக வந்துவிடும். குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போக சுமாராக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆறு மணிக் காபியில் பாதி பதினோரு மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. அந்த ஆறு மணிக் காபியின் இடத்தில் இதை வைத்தால் தூளுக்குக் கொடுத்த காசு செரித்துவிடும்.

காஃபினை நீக்கிய டிகாஃப் காபி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, வாசனையில் அதுதான் ஜெயிக்கும், இதைப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் டிகாஃப் என்றாலும் கொஞ்சம் காஃபின் மிச்சம் இருக்கும், நெல்லையில் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல். இந்தத் தூளில் காஃபின் வர வழியே இல்லை.

ஒரு விஷயம், இதைக் குடித்துத் தலைவலி வந்தது என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். வந்திருக்கும், ஆனால் பழி தூளுக்கு இல்லை. தினமும் காபி குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும், எரிச்சலும் கூடவே வரும். நிறுத்துவதென்றால் ஒரேயடியாக வேண்டாம், வழக்கமான தூளில் இதைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று கலந்து சில வாரத்தில் இறக்கினால் தெரியாமல் இறங்கிவிடும். அதற்கு இந்தத் தூள் நிஜமாகவே தோதாக இருக்கிறது, நிறமும் கசப்பும் ஒத்துப்போவதால் மாமியாருக்குக்கூடத் தெரியாமல் கலக்கலாம். (சொல்லிவிட்டுக் கலப்பது குடும்பத்துக்கு நல்லது.) வயிறு உப்புசம் ஆகிறவர்கள் மட்டும் அளவாகக் குடிக்கவும், சிக்கரியில் உள்ள இன்யூலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வாயுவைக் கிளப்பும்.

சுக்குக்காபியே போதாதா என்பது நியாயமான கேள்வி. குற்றாலத்தில் சாரலில் நனைந்துவிட்டு வந்து நடுங்கிக்கொண்டு குடிக்கிற சுக்குக்காபியிலும் காபி கிடையாதுதான், நம் ஆட்கள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். ஆனால் சுக்குக்காபி குடிக்கையில் கஷாயம் குடிக்கிற நினைப்பு போகாது, சளி பிடித்த மாதிரி ஒரு எண்ணம். இந்தத் தூளில் வறுத்த கசப்பு இருப்பதால் அது இல்லை. அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் காசு, அது பேரீச்சங்கொட்டையின் புண்ணியம்.

இப்போது வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இந்தத் தூளைப் பார்த்துவிட்டு, லேபிளே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி 'மூலிகைக் காபி' என்று விற்பதும் மார்க்கெட்டில் வந்துவிட்டது. ஒரு கடையில் தகரை விதை வறுத்தது என்று காட்டினார்கள். தகரை விதையை வறுத்துக் குடிப்பது உண்மையிலேயே பழைய வழக்கம், ஜப்பானிலும் கொரியாவிலும்கூட உண்டு. சிக்கல் என்னவென்றால் அதே குடும்பத்தில் பேயாவரை என்று ஒன்று ரோட்டோரமெல்லாம் தன்னால் முளைக்கிறது, அதன் விதையையும் வறுத்துக் காபிக்குப் பதில் குடிக்கிற வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் குழந்தைகள் திடீரென்று ஈரலும் மூளையும் பாதித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள், மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்த அந்த நோய்க்குக் காரணம் இந்தப் பேயாவரைக் காய்களைத் தின்றது என்று 2007 வாக்கில் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வறுத்தால் நஞ்சு குறையும் என்பார்கள், எவ்வளவு வறுத்தார்கள் என்று பையைப் பார்த்து யார் சொல்ல முடியும்? விதை எது என்று உறுதியாகத் தெரியாத தூளைத் தொடவே வேண்டாம்.

அதே ஆவாரைக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை நிலாவாரை, நம் ஜில்லா பெயரையே போட்டு 'டின்னவேலி சென்னா' என்று வெள்ளைக்காரன் மருந்து நூல்வரை போன சரக்கு. பேதி மருந்து. மெலிய வைக்கும் மூலிகை டீ என்று வருகிற பலவற்றில் அதுதான் உள்ளே இருக்கும், குடித்ததும் உடம்பு லேசானது மாதிரி இருப்பதன் ரகசியமும் அதுவே. சேர்மானத்தில் சென்னா, நிலாவாரை என்று பார்த்தால் அன்றாடக் குடிக்கு வாங்காதீர்கள். குவரானா என்று இருந்தால் அது நேரடியாகக் காஃபின், அந்த விதையில் காபிக்கொட்டையைவிட அதிகமாகவே உண்டு, 'காபி இல்லாத இயற்கை எனர்ஜி' என்ற பெயரில் அதைத்தான் தலையில் கட்டுவார்கள்.

காஃபினுக்கு நிஜமான மாற்று செடிகளில் இல்லவே இல்லையா என்றால், தேடுகிறார்கள். சீனாவின் யுன்னான் பக்கம் குச்சா என்று ஒரு தேயிலை, அதில் தியாக்ரின் என்ற பொருள், காஃபினுக்குப் பங்காளி மாதிரி அமைப்பு, அதைப் பிரித்து மாத்திரையாக விற்கிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. 1987 கடைசியில் அகத்தியமலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தாவரவியல் ஆட்கள் காட்டுக்குள் ஏறும்போது, வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டே அசராமல் ஏறினார்களாம், இவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. என்ன காய் என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்திருக்கிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதன் இலையை எடுத்து, அமுக்கரா, விஷ்ணுகிராந்தி எல்லாம் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உண்டாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, அதில் பாதி காணிகளுக்கு, அதற்கென்று 1997ல் ஒரு அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் ஏற்பாடுகளில் ஒன்று என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். சோர்வு போக்கும் மருந்து என்றுதான் அதையும் விற்றார்கள், காபிக்கு மாற்று என்று இல்லை.

காணிகள் நம் பக்கமும் இருக்கிறார்கள், பாபநாசத்துக்கு மேலே காரையார், சேர்வலாறு பக்கமெல்லாம் குடியிருப்பு. அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நினைத்தவர் போய் இலை பறித்து வந்து காபித்தூளில் போட முடியாது, போடவும் கூடாது. இதைச் சொல்வதற்குக் காரணம், நான் தூள் வாங்கிய கடை அண்ணாச்சியே "இதுல அகத்தியமலைப் பச்சிலையும் போட்டிருக்காவ, அதான் தெம்பு வருது" என்று எடுத்துவிட்டார். சேர்மானத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

எடுத்தது குழுவில் வறுக்கிற அக்காவே. பச்சிலையா, அதெல்லாம் யார் சொன்னா என்று சத்தம் போட்டார். "தம்பி, நாங்க போடுதது ஆறே சாமான், அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. அண்ணாச்சி யாவாரத்துக்குச் சொல்லுதாரு." வறுவல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரே மாதிரி இல்லையே என்றதற்கு ஒத்துக்கொண்டார், முன்பு வாங்கினது கருகலாக இருந்தது, இது பரவாயில்லை. இரும்புச் சட்டியில் விறகடுப்பில் வறுக்கிறார்களாம், சட்டி ஓரத்துக் கொட்டை முந்திக் கருகிவிடுகிறது, உருளை வறுப்பான் வாங்க லோன் கேட்டிருக்கிறார்களாம். வாங்கட்டும். கருக வறுத்தால் கசப்பு கூடிப்போகும். வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உண்டாகும், சிக்கரியில் அது கொஞ்சம் அதிகம். ஃபில்டருக்கென்று ரவைப் பதத்தில் தனியாக அரைத்துத் தரச் சொன்னேன், அதற்குச் சரி என்றார். அமுக்கராவை எடுத்துவிடலாமே என்றதற்கு, "அதப் போட்டாத்தான் மூலிகைன்னு வாங்குதாவ" என்றார். யாவாரம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சதவீதம் போடுங்கள், அந்தச் சுறுசுறுப்பு வரியை எடுத்துவிட்டு 'ராத்திரியும் குடிக்கலாம்' என்று போடுங்கள், இன்னும் நன்றாக விற்கும் என்றேன். "நல்ல யோசனைதான் தம்பி, ஆனா பழைய லேபிள் ரெண்டாயிரம் அடிச்சது அப்படியே கெடக்கு, அது தீரணும்லா" என்றார். அது தீருகிற வரைக்கும் முன்பக்கத்தைப் படிக்காமல் வாங்குங்கள். கொட்டையில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பிரித்த பாக்கெட்டில் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி இறுக்கி மூடிவையுங்கள், தனி ஆளாக இருந்தால் 100 கிராம் பாக்கெட் 100 ரூபாய்க்கு இருக்கிறது, அதை எடுத்தால் போதும்.